நனையாத பார்சல்

கூரியர் கிளையில் அவளுக்குப் பெயர் புகார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. சம்பள நாளன்று மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் "புகார் வந்தாச்சா?", "புகார் சாப்பிடப் போயிருக்கு" என்றுதான் பேச்சு. தொலைந்த பார்சலுக்கும் உடைந்த பார்சலுக்கும் பதில் சொல்கிற மேசை அவளுடையது. பதில் சொல்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. யார் போன் செய்தாலும் முதல் கேள்வி ரசீது நம்பர். நம்பர் இருந்தால் பார்சல் இருக்கிறது. நம்பர் இல்லையென்றால், எதிர்முனையில் இருப்பவர் தலைகீழாக நின்றாலும் அப்படி ஒரு பார்சல் இந்த உலகத்தில் கிடையாது. இது கிளையின் சட்டம். வேறு எது பிடித்ததோ இல்லையோ, இந்தச் சட்டம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்படிக் கறாராக இருந்தவளுக்குத்தான் சொந்தப் புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் போனது. அவன் எலக்ட்ரீஷியன். வெளிநாட்டில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கு ஒயரிங் செய்ய ஒரு கம்பெனி அவனைக் கூட்டிக்கொண்டு போனது. போன புதிதில் தினமும் கூப்பிட்டு, அங்கே குளிர், இங்கே குளிர், மூக்கு ஒழுகுகிறது என்று மூக்கால் அழுதான். பிறகு அந்த நாட்டில் சண்டை மூண்டது. விமான நிலையத்தை மூடினார்கள், பாலங்களை உடைத்தார்கள், அப்புறம் போன் கம்பங்களும் விழுந்தன. கம்பெனிக்காரர்கள் முதலில் எல்லாரும் பத்திரம் என்றார்கள். பிறகு விசாரிக்கிறோம் என்றார்கள். கடைசியில் போனையே எடுப்பதில்லை. பதில் சொல்லத் தெரியாத இடத்தில் போனை எடுக்காமல் இருப்பதுதான் சௌகரியம் என்பது புகார் மேசைக்காரிக்குத் தெரியாதா என்ன?

வீட்டில் அவளும் அத்தையும்தான். அத்தை என்றால் மாமியார். ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் அரை நாள் வேலை. உள்ளே பல்லைக் குடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியே அத்தை தடித்தடியான நாவல்களைப் படித்துக்கொண்டே இருப்பாள். குடும்ப நாவல், பேய் நாவல் எதுவும் ஆகாது. யுத்தம் நடக்க வேண்டும், யாராவது மாட்டிக்கொள்ள வேண்டும், தப்பிக்க வேண்டும். கரண்டியால் சுரங்கம் தோண்டுகிற கைதிகள், விழுந்த விமானத்திலிருந்து வைக்கோல் போரில் போய் ஒளிகிற பைலட், தம்பியை முதுகில் சுமந்துகொண்டு பனிமலை தாண்டுகிற அக்கா. வாடகை நூலகத்துக்காரர் புதிதாக ஒன்று வந்தால் எடுத்து வைத்துவிட்டு, "சுரங்கம் வந்திருக்கு" என்று சொல்லி அனுப்புவார். மகனும் சின்ன வயதிலேயே இந்த நோயில் விழுந்தவன். அம்மாவும் பிள்ளையும் ஒரே புத்தகத்தை முறை வைத்துப் படித்து, யார் முன்னால் போனார்கள் என்று சண்டை போட்டுக்கொள்வார்களாம். மருமகள் இதில் ஒன்றைக்கூடப் புரட்டியதில்லை. நாள் பூராவும் வேலையில் அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தும் காசு கொடுத்து அடுத்தவர் கஷ்டத்தைப் படிக்க அவளுக்கு என்ன தலையெழுத்தா?

அவன் கடைசியாகப் பேசிய அன்று லைன் விட்டு விட்டு வந்தது. இவள் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அத்தை போனைப் பிடுங்கி, ஷூவைக் கழற்றாதே, தூங்கும்போதும் கழற்றாதே, பெரிய ரோட்டில் நடக்காதே, கூட்டத்தோடு ஓடாதே என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். அவன் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் செத்துப்போனது. புருஷனோடு பேசக் கிடைத்த கடைசிச் சொற்ப நேரத்தை மாமியாரின் நாவல்கள் தின்றுவிட்டன என்று அவளுக்கு ஆத்திரமான ஆத்திரம். அதை அப்படியே மென்று விழுங்கினாள். விழுங்கியது செரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே அமைதி. அவள் சாப்பிட்டதாகப் பேர் பண்ணுவாள், தூங்கினதாகப் பேர் பண்ணுவாள். டிவியில் இடிந்த கட்டடங்களைக் காட்டினால், குப்புறக் கிடக்கிறவர்களின் முதுகைப் பார்த்து, இது அவன் சட்டையா என்று தேடுவாள். அத்தையோ கல்லுப் பிள்ளையார் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பக்கம் புரட்டிக்கொண்டிருப்பாள். ஒரு சாயங்காலம் இவளுக்குப் பொறுக்கவில்லை. உங்க பையன் அங்கே சாகிறானோ பிழைக்கிறானோ, நீங்க இங்கே குண்டு போடுகிற கதையை ருசித்துப் படிக்கிறீர்களே, நீங்களெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டே விட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தை கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தை முடித்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். இப்படியும் ஒரு நெஞ்சழுத்தக்காரி உண்டா என்று அவள் மனதுக்குள் குமுறினாள்.

போன் வந்தது ஒரு சாதாரண நாளில்தான். காலையில் கிளையில் கூட்டம் அலைமோதியது. யாருடைய மிக்ஸியோ ஜாடியில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தது. மிக்ஸிக்காரி நேரிலேயே வந்து நின்று, உலகத்தில் உள்ள எல்லா மிக்ஸிகளின் சார்பாகவும் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது மேசைப் போன் அடித்தது. கிளையின் போன் பழைய காலத்துப் பெட்டி. யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது. காதில் வைத்தால் எப்போதும் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல், யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைத்தது.

"அம்மாகிட்ட சொல்லுங்க. பார்சல் ஆத்தத் தாண்டிடுச்சு. நனையல. கீழ்ப்பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. தைச்சாச்சு. மூணாவது வீட்ல இருக்கு."

இதில் அவள் காதுக்குப் புதிதாக எதுவும் இல்லை, அதுதான் கூத்து. ஊரின் ஆற்றுக்கு அக்கரையில் கூரியர் கம்பெனியின் குடோன் இருக்கிறது. பார்சல்கள் ஆற்றைத் தாண்டித்தான் வரும். மழையில் நனைவது அன்றாடப் புகார். துணி சுற்றித் தைத்து அனுப்புகிற பார்சல்கள் இன்னும் நிறைய வருகின்றன. கிழிந்தால் குடோனிலேயே தைத்துவிடுவார்கள். பக்கத்து வீடு, மூன்றாவது வீடு என்று தப்பான வாசலில் பார்சலைப் போட்டுவிட்டுப் போவது டெலிவரிப் பையன்களின் பிறவிக் குணம். குடோனில் எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள், பேச்சு இப்படித்தான் கடித்துக் கடித்து வரும். அம்மா என்றால் கிளை மேனேஜர். வாட்ச்மேனிலிருந்து வாடிக்கையாளர் வரைக்கும் அந்தப் பெண்மணியை எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற, மேனேஜரைவிட வயதில் மூத்த சார்ட்டிங் அண்ணன்கூட அம்மா என்றுதான் சொல்வார்.

ஆகவே அவள் ரசீது நம்பரைக் கேட்டாள். அவன் மறுபடியும் முதலிலிருந்து ஒப்பித்தான். எந்தத் தெரு, மூன்றாவது வீடு என்றால் எதிலிருந்து மூன்றாவது என்று கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாயங்காலம்" என்றான். சாயங்காலம் என்ன சாயங்காலம் என்று கேட்பதற்குள் இரைச்சல் அவனை விழுங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தான். அதே கிளிப்பிள்ளைப் பாட்டு. மூன்றாம் முறை வந்தபோது மிக்ஸிக்காரி மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நம்பர் இல்லாமல் இனிமேல் இந்த போனுக்குக் கூப்பிட்டால் போலீசில் சொல்லிவிடுவேன் என்று சுள்ளென்று சொல்லி, ரிசீவரை வைத்தாள்.

ஆனாலும் வேலையில் குறை வைக்கிறவள் இல்லை. அம்மாவிடம் போய், குடோன் ஆள் யாரோ ஒரு கிழிந்த பார்சலைப் பற்றி உங்களிடம் சொல்லச் சொன்னான் என்று ஒப்பித்தாள். அம்மா பயந்த சுபாவம். கிழிந்த பார்சல் என்றாலே தலைமை அலுவலகம் கண்ணுக்குத் தெரியும். சார்ட்டிங் அண்ணனைக் கூப்பிட்டு, கீழ்ப்பக்கம் தையல் போட்ட பார்சலாகத் தேடச் சொன்னார். அண்ணன் மத்தியானம் வரைக்கும் மூட்டைகளைக் குப்புறப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது மேல்பக்கம் தைத்தது. திருப்பி வைத்தால் கீழ்ப்பக்கம்தானே என்று வாதாடினார். அன்றைய பொழுது இப்படிப் போனது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு டீ போட்டாள். அத்தை வழக்கம்போல நாற்காலியில் புத்தகமும் கையுமாக இருந்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் அளந்துதான் பேசுவது. மௌனமாக டீ குடிப்பது கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கவே, பேச்சுக்கு ஒன்று வேண்டுமே என்று இவள் காலையில் வந்த போனைச் சொன்னாள். எவனோ ஒருத்தன், நம்பரும் இல்லை, தெருவும் இல்லை, பார்சல் ஆற்றைத் தாண்டிடுச்சாம், நனையலையாம் என்று அவன் குரலிலேயே நடித்தும் காட்டினாள்.

அத்தையின் கையிலிருந்த டீ சேலையில் கொட்டியது. அவள் கவனிக்கவில்லை.

"திருப்பிச் சொல்லு. அவன் சொன்னது சொன்னபடியே சொல்லு."

இவள் சொன்னாள். மூன்று தடவை கேட்டதால் வார்த்தை பிசகாமல் வந்தது.

"அம்மாகிட்ட சொல்லுங்கன்னா சொன்னான்?"

"ஆமா அத்தை. எங்க மேனேஜர எல்லாரும் அம்மான்னுதான் கூப்பிடுவாங்க."

"உன் புருஷன் என்னை எப்படிக் கூப்பிடுவான்?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் அத்தை, அத்தை என்றே வந்து பழகியதால், இந்த மனுஷி இன்னொருத்தனுக்கு அம்மா என்பதே அந்த நேரத்தில் புதிதாகத் தெரிந்துகொள்கிற விஷயமாக இருந்தது.

"அது பார்சல் இல்லடி," என்றாள் அத்தை. "அது என் பையன்."

பிறகு கடகடவென்று கொட்டினாள். அந்த நாவல்களில் தப்பி வருகிறவர்களை வீடு வீடாக மறைத்துக் கை மாற்றி எல்லை தாண்ட வைக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் யார் பெயரையும் சொல்ல மாட்டார்கள், ஊரையும் சொல்ல மாட்டார்கள். ஒட்டுக்கேட்கிறவர்கள் எங்கேயும் இருப்பார்களே. ஆளை பார்சல் என்பார்கள். முதல் வீடு, இரண்டாவது வீடு என்றால் ஒளித்து வைக்கிற இடங்கள். நனைந்தால் மாட்டிக்கொண்டது, நனையவில்லையென்றால் மாட்டவில்லை. மகனும் அவளும் சேர்ந்து படித்த ஒரு புத்தகத்தில் இது அப்படியே வருகிறது. அவன் பள்ளிக்கூடம் படிக்கும்போது மழையில் வீட்டுக்கு வந்தால்கூட வாசலில் நின்று, பார்சல் நனைந்துவிட்டது என்று கத்துவானாம். ஆறுதான் அந்த நாட்டுக்கு எல்லை. கீழ்ப்பக்கம் என்றால் கால். கால் கிழிந்திருக்கிறது, தைத்திருக்கிறார்கள். நடக்க முடியாது, அதனால்தான் தானே பேசாமல், பாஷை தெரியாத ஒருத்தனுக்குச் சொல்லிக் கொடுத்துப் பேச வைத்திருக்கிறான்.

இவளுக்கு நம்பவே பயமாக இருந்தது. நாவலைப் படித்துப் படித்து அத்தைக்கு மூளை குழம்பிவிட்டதோ, யாரோ குடோன்காரன் உளறியதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாளோ என்றும் தோன்றியது. இப்போது நம்பிவிட்டு அப்புறம் இல்லையென்று ஆனால், அதற்குப் பிறகு எழுந்து நிற்க அவளிடம் தெம்பு இல்லை. அவன் கூப்பிட நினைத்தால் என் கைப்பேசிக்குக் கூப்பிட மாட்டானா, கிளைக்கு எதற்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் பதிலும் அவளுக்கே தெரிந்துவிட்டது. இந்தக் காலத்தில் எவன் கைப்பேசி நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிறான்? போன் தொலைந்தால் நம்பரெல்லாம் அதோடு போச்சு. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால், வராத பார்சல் ஒன்றைப் பற்றி விசாரிக்கிற சாக்கில் தினமும் கூப்பிட்டு இவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தானே, அந்தப் புகார் மேசை நம்பர்.

உடனே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இனிமே கூப்பிட்டா போலீஸ்ல சொல்லிடுவேன்னு சொன்னேன் அத்தை."

அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று மட்டும் கேட்டாள் அத்தை. சாயங்காலம் என்றான் என்றாள் இவள். அப்படியென்றால் சாயங்காலம் மறுபடி கூப்பிடுவான் என்று அத்தை அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். டீ கொட்டிய சேலையை மாற்றவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவில் இவளுக்குச் சந்தேகம் வந்தது. எரிந்தால் எரியட்டும் என்று நடந்தாள். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லை; இரண்டு பேரும் கடைத்தெரு வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். தெரிந்த பழக்கடைக்காரர் என்ன அவசரம் என்று கேட்டதற்கு இவள் சிரித்துக்கூட வைக்கவில்லை.

சார்ட்டிங் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். அவள் குனிந்து உள்ளே நுழைந்து, போன் வந்ததா என்றுதான் முதலில் கேட்டாள். வரவில்லை. மேனேஜரம்மா கைப்பையோடு கிளம்பி நின்றவர், படுக்கை விரிப்பு விவகாரம் என்று நினைத்துக்கொண்டு, தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டதா என்று நடுங்கினார்.

"அந்த பார்சல் என் வீட்டுக்காரர்ம்மா. அம்மாகிட்ட சொல்லுங்கன்னது உங்ககிட்ட இல்ல. இவங்ககிட்ட."

கிளையில் எல்லாருக்கும் அவள் புருஷன் கதை தெரியும். மேனேஜரம்மா அத்தையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கைப்பையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சார்ட்டிங் அண்ணன் சத்தமில்லாமல் ஷட்டரைத் திரும்ப மேலே ஏற்றினார். யாரும் வீட்டுக்குப் போகிறேன் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

போனும் அடித்தது. ஒரே பாய்ச்சலில் எடுத்தாள். மிக்ஸிக்காரி. ஜாடி என்ன ஆயிற்று என்றாள். நாளைக்கு நானே கொண்டு வந்து தருகிறேன், கோடி புண்ணியம், இப்போது வைத்துவிடுங்கள் என்று அவள் கெஞ்சிய கெஞ்சலில் அந்த அம்மாளே பயந்து வைத்துவிட்டாள்.

வெளியே தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. அத்தை வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் புத்தகம் இல்லாமல் அவளைப் பார்ப்பதே புதுசாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்றைக்கு அப்படிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். நீங்கள் கல் மாதிரி படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்றும் சொன்னாள்.

அத்தை போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நான் எங்கடி படிச்சேன்? லைன் கட்டான அன்னைலேருந்து ஒரு வரிகூட உள்ள போகல. சும்மா பக்கத்தத் திருப்பிட்டிருந்தேன். நான் புத்தகத்தக் கீழ வச்சா நீ பயந்துடுவ. நீ என் மூஞ்சியத்தானே பாத்துட்டு இருந்த."

அத்தை மேலும் சொன்னாள். அந்தக் கதைகளில் கதாநாயகனை எப்படிப் போட்டு அடித்தாலும் பயமில்லை, ஏனென்றால் வலது கையில் இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். கனம் இருக்கிற வரைக்கும் அவன் சாக மாட்டான். அந்த தைரியத்தில்தான் இத்தனை வருஷம் படித்தது. தப்பிக்காதவனைப் பற்றி யாரும் அவ்வளவு தடிமனாக எழுத மாட்டார்கள். இவன் விஷயத்தில் எத்தனை பக்கம் மிச்சம் என்று யார் வந்து சொல்லுவார்கள்? ராத்திரியெல்லாம் கையில் அந்தக் கனத்தையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லிட்டுக் கிடந்தது. இத்தனை நாளும் ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்தோமே என்று நினைக்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அத்தையின் மேல் அள்ளி அணைத்துக்கொள்ளலாம் போல ஆசையாகவும் இருந்தது.

மறுபடி போன் அடித்தது.

இந்த முறை அவள் ஓடவில்லை. அத்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். சார்ட்டிங் அண்ணன்தான் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார். இரைச்சல் கிளை முழுக்கப் பரவியது. அதற்குள்ளிருந்து காலையில் வந்த அதே குரல், இப்போது போலீஸ் பயத்தோடு, தயங்கித் தயங்கி ஆரம்பித்தது.

"அம்மாகிட்ட சொல்லுங்க. பார்சல்..."

"நான்தாம்ப்பா அம்மா," என்றாள் அத்தை.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அம்மா என்பது புரிந்தது. யாரையோ அவன் பாஷையில் கூப்பிட்டான். காலடிச் சத்தம், எதையோ இழுக்கிற சத்தம், கட்டில் முனகுகிற சத்தம் எல்லாம் கேட்டது. கிளையில் நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஏய்... நான்தான். கேக்குதா?"

அவன்தான். தொண்டை கட்டி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தாலும் அவன் குரல்தான். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. வாயைத் திறந்தால் அழுகை வருமோ திட்டு வருமோ என்று தெரியவில்லை. திட்டுதான் வந்தது. அறிவிருக்கா உங்களுக்கு, பார்சலாம் பார்சல், பேரைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா, நான் போலீஸ் வரைக்கும் போயிருப்பேன் என்று பொரிந்து தள்ளினாள். அவன் அந்தப் பக்கம் சிரித்தான். சிரித்தால் கால் வலிக்கிறது, மெதுவாகத் திட்டு என்றான். வயிற்றில் பாலை வார்த்தான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். காலையில் இருந்தது சிக்னல் இல்லாத வீடு, கூட இருந்தவன்தான் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். இப்போது கட்டிலோடு தூக்கி வந்து ஆஸ்பத்திரி உள்ள ஊரில் சேர்த்துவிட்டார்கள். எல்லை தாண்டியாகிவிட்டது. இங்கே சண்டை இல்லை. காலில் கம்பி கிழித்த காயம், சீழ் பிடிக்கவில்லை, டாக்டர் பார்த்துவிட்டார். காகிதங்கள் தயாரானதும் விமானத்தில் ஏற்றி அனுப்புவார்களாம். காலையில் பேசியவன் அவனோடு கிடங்கில் வேலை பார்த்த வெல்டர். முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தது அவன்தான். மேனேஜரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா இருக்காங்களா என்று கேட்டான். இவள் நகர்ந்து இடம் விட்டாள். அத்தை போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை நாவல் படித்தவள், ஷூவைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் அவ்வளவு பாடம் சொன்னவள், இப்போது என்ன கேட்கப் போகிறாளோ என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"பயமா இருந்துச்சாடா?"

மனைவியிடம் அவ்வளவு நேரம் சிரித்துப் பேசியவன், கிடங்கு உச்சியில் ஏணி இல்லாமல் நின்று ஒயர் இழுக்கிறவன், அவனுக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரொம்பம்மா," என்றான். குரல் உடைந்தது. "கதைல வர மாதிரி இல்லம்மா. எப்பவும் பயமாவே இருந்துச்சு."

"அழுடா," என்றாள் அத்தை. "ஆத்தத் தாண்டியாச்சு. இனிமே அழலாம்."

அவன் அழுதான். பள்ளிக்கூடப் பையன் மாதிரி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். அத்தையும் அழுதாள். சண்டை மூண்ட நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்தவள் புகார். அழுதால் அவன் போய்விட்டதாக ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பிடிவாதமாக இருந்தவள். அவளும் அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் திறந்திருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல், ஆசை தீர அழுதாள்.